பாலாற்று வண்டலில் கன உலோகம்: குப்பை மேட்டு ஓரம் குடியிருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வாணியம்பாடி முதல் ஆற்காடு வரை பாலாற்றோரம் குடியிருப்பவர்களும் பயிர் வைப்பவர்களும் ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற நச்சுக் கன உலோகங்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். 2019-ல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆறு பிரியவில்லை. மேலே கொட்டுவது கீழே வந்துதான் சேரும்.

ஆற்றில் தண்ணீரே ஓடுவதில்லை. அப்புறம் எங்கிருந்து ஆற்று மாசு?

ஓடாததுதான் நமக்குப் பெரிய வினை. எப்போதும் தண்ணீர் ஓடும் ஆற்றில் குப்பை கொட்ட யோசிப்பார்கள். வறண்டு கிடக்கும் பாலாறு பலர் கண்ணுக்குப் புறம்போக்கு நிலமாகத் தெரிகிறது. பாலத்தின் மேலிருந்து வீசுவார்கள், கோழிக்கழிவை இரவில் கொட்டுவார்கள், கட்டடம் இடித்த மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து தள்ளுவார்கள். மணல் அள்ளிய பள்ளம் இருந்தால் அது தானாகவே குப்பைக்குழி ஆகிவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் குப்பை மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் குப்பைக்குள் இறங்கித்தான் மணலுக்குப் போக வேண்டும். கலந்து நீர்த்துப்போக வெள்ளமும் இல்லை. இறங்கியதில் பெரும்பகுதி அங்கேயே தங்கும்.

வண்டல் என்றால் ஆற்று மணல்தானே?

இல்லை. இங்கேதான் பல சோதனைகள் தடம் மாறிப் போகின்றன. பருமணல் பெரும்பாலும் வெள்ளைக்கல் துகள். அதில் உலோகம் ஒட்டுவது மிகக் குறைவு. உலோகம் பிடித்துக்கொள்வது 63 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்துகளில்: களிமண், மக்கிய இலைதழை, துகள்மேல் படிந்திருக்கும் இரும்பு, மாங்கனீசுப் பூச்சு. பாலாற்றில் இது எல்லா இடத்திலும் இருக்காது. தடுப்பணையின் பின்புறம், சாக்கடை வந்து சேரும் வாய், மணல் அள்ளிய மடுவின் அடி, ஏரியின் மதகு ஓரம் ஆகிய இடங்களில் சேரும். ஆற்று நடுவில் பளிச்சென்று இருக்கும் மணலை ஒரு பை அள்ளிச் சோதித்தால் 'மாசு இல்லை' என்றுதான் வரும்.

சாக்கடை வாயில் ஒருமுறை கரண்டி போட்டுப் பாருங்கள். மேலே ஒரு விரல் தடிமனுக்கு வெளிர்பழுப்பு. அதற்குக் கீழே மையாகக் கறுத்த சேறு, அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாத இடத்தில் கிருமிகள் சல்பேட்டை சல்பைடாக மாற்றுவதால் வரும் நாற்றம் அது. ஈயம், காட்மியம், துத்தநாகம், செம்பு எல்லாம் அந்தச் சல்பைடோடு கட்டுண்டு உட்கார்ந்திருக்கும். அந்தச் சேற்றை வெளியில் பரப்பி வைத்தால் சில மணி நேரத்தில் கறுப்பு மாறிப் பழுப்பாகும். காற்றுப் பட்டுச் சல்பைடு உடைகிறது என்று அர்த்தம். கட்டுண்டிருந்த உலோகத்தில் ஒரு பங்கு அப்போது விடுபடுகிறது. தூர் வாருவதைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

வீட்டுக் குப்பையில் கன உலோகம் எங்கிருந்து வருகிறது?

பிரிக்காமல் கொட்டுவதால் வருகிறது. சோறும் காய்கறித் தோலும் மட்டும் என்றால் இந்தப் பக்கத்தை எழுதவே வேண்டியதில்லை. பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, ஒயர் என்றால் ஈயம். ரீசார்ஜ் பேட்டரி, சாயம் போட்ட பழைய பிளாஸ்டிக் என்றால் காட்மியம். டியூப்லைட்டும் உடைந்த தெர்மாமீட்டரும் பாதரசம். டயரும் தகர ஷீட்டும் துத்தநாகம். மோட்டார் காயில், கேபிள் என்றால் செம்பு.

நம் பகுதிக்கென்று தனியாக இன்னொன்று உண்டு. தோல் ஷேவிங் தூள். குரோம் போட்டுப் பதனிட்ட தோலை மெல்லிசாகச் சீவும்போது விழும் நீலச்சாம்பல் நிறச் செதில்கள் அவை. ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் குப்பை மேட்டைக் கிளறினால் கையில் தட்டுப்படும். பக்கத்தில் கிடக்கும் வாழைமட்டை மக்கிப்போயிருக்கும், இது கொட்டிய நாளில் இருந்ததுபோலவே இருக்கும். தோலின் புரத இழைகளைக் குரோமியம் இறுக்கிக் கட்டிவிடுவதால் கிருமிகளால் எளிதில் தின்ன முடிவதில்லை.

மழைக்குப் பிறகு குப்பை மேட்டிலிருந்து கறுப்பாக வழிகிறதே, அதுதான் விஷமா?

அது கசிவுநீர், அதாவது குப்பைக்குள் ஊறி வெளியே வரும் நீர். புதுக்குப்பை புளிக்கும்போது அமிலம் உண்டாகிறது, அமிலத்தில் உலோகம் நன்றாகக் கரையும். ஆகவே புதுக்குப்பையின் கசிவில் உலோகம் அதிகம். சில ஆண்டுகள் கழித்து மீத்தேன் வர ஆரம்பித்ததும் அமிலம் குறைந்துவிடும், உலோகத்தில் பெரும்பங்கு மேட்டுக்குள்ளேயே படிந்துவிடும். 'பழைய குப்பை மேடு, இனி ஒன்றும் ஆகாது' என்று சொல்வது இதை வைத்துத்தான். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அந்த மேட்டை வெள்ளம் அரித்தாலோ, தீ வைத்தாலோ, யாராவது தோண்டிக் கலைத்தாலோ, உள்ளே இருந்தது மண்ணோடு மண்ணாக வெளியே வரும்.

குரோமியம் டேனரிப் (தோல் பதனிடும் ஆலை) பிரச்சினைதானே? குப்பை மேட்டில் ஏன் அதைத் தேட வேண்டும்?

வட ஆற்காட்டில் இரண்டையும் பிரிக்க முடியாது. முன்பு இங்கே தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டார்கள். 1970களுக்குப் பிறகு குரோம் முறை பரவியது. அந்த முறையில் போடும் குரோமியத்தில் முழுதும் தோலில் ஏறாது. மிஞ்சியது கழிவுநீரில் போகும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகு கழிவுநீர் தெளிந்தது. குரோமியம் எங்கே போயிற்று? சேறாகப் படிந்தது. சுத்திகரிப்பு எந்த உலோகத்தையும் அழிப்பதில்லை, தண்ணீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாற்றுகிறது. அந்தச் சேற்றை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. தோலுக்குப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். வண்டலோடு ஒட்டி அசையாமல் இருக்கும், நச்சும் குறைவு. ஆறு இணைதிறன் குரோமியம் நேர்மாறு. தண்ணீரில் கரைந்து ஓடும், மஞ்சளாகத் தெரியும், மூச்சில் போனால் புற்றுநோய் தரும் என்பது உறுதி செய்யப்பட்ட ஒன்று. இராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை வளாகத்தில் குவிந்திருக்கும் 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு இந்த இரண்டாவது வகை. ஆலை 1990களின் நடுவில் நின்றது, கழிவு நிற்கவில்லை. மழைக்கு மழை நிலத்தடி நீரில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-ல் உலகின் மிக மாசடைந்த பத்து ஊர்ப் பட்டியலில் இராணிப்பேட்டையைச் சேர்த்ததற்கு இந்த மேடு ஒரு முக்கியக் காரணம்.

அறிக்கையில் 'மொத்தக் குரோமியம்' என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். அதில் ஆறு இணைதிறன் எவ்வளவு என்று கேளுங்கள்.

குப்பையைக் கொளுத்திவிட்டால் மாசு போய்விடாதா?

போகாது, கூடும். பிளாஸ்டிக்கும் காகிதமும் புகையாகப் போன பிறகு சாம்பலில் உலோகம் முன்பைவிடச் செறிவாக நிற்கும். பாதரசம் ஆவியாகவே கிளம்பும், காட்மியமும் ஈயமும் நுண்தூசியோடு வெளியேறும். எல்லாவற்றையும்விட மோசமானது தோல் துண்டுகளை எரிப்பது. காற்று இருக்கும் இடத்தில் சூடாக்கினால் மூன்று இணைதிறன் குரோமியத்தில் ஒரு பங்கு ஆறு இணைதிறனாக மாறும். அதாவது அசையாமல் கிடந்ததை நாமே கரையும் விஷமாக்கி மழைக்குக் கொடுக்கிறோம். தயவுசெய்து எரிக்காதீர்கள், எரிப்பவர்களைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வேலூர் நகரக் குப்பையைப் பல காலம் சதுப்பேரியில் கொட்டினார்கள். அங்கே எத்தனை முறை புகை எழுந்தது என்று அந்தப் பக்கத்து மக்களைக் கேட்டால் தெரியும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? அளவு என்ன?

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. லிட்டருக்குக் குரோமியம் 0.05 மி.கி., ஈயம் 0.01, காட்மியம் 0.003. மாநகராட்சிக் குப்பையில் செய்யும் உரத்துக்குக்கூட வரம்பு உண்டு. கிலோவுக்குக் குரோமியம் 50 மி.கி., ஈயம் 100, காட்மியம் 5, நிக்கல் 50. ஆற்று வண்டலுக்கு நம் நாட்டில் சட்டப்படி இப்படி ஒரு வரம்பு இல்லை. இது பெரிய ஓட்டை என்றே நினைக்கிறோம். வண்டலில் எவ்வளவு இருந்தாலும் 'மீறல்' என்று எழுத அதிகாரிக்கு ஒரு எண் இல்லை.

அதனால் ஆய்வாளர்கள் வெளிநாட்டு அளவுகோலை எடுக்கிறார்கள். 2000-ல் வட அமெரிக்காவில் தொகுக்கப்பட்ட ஒன்று பரவலாகப் புழங்குகிறது. அதன்படி உலர்ந்த வண்டலில் கிலோவுக்கு 111 மி.கி.க்கு மேல் குரோமியம், 128-க்கு மேல் ஈயம், 4.98-க்கு மேல் காட்மியம் இருந்தால் அடிமண்ணில் வாழும் உயிரினங்களுக்குத் தீங்கு நேர வாய்ப்பு அதிகம். மனிதர்களுக்கான வரம்பு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. குரோமியம் பாறையிலும் இயற்கையாகவே இருக்கிறது. சாதாரணக் களிப்பாறையில் சராசரி கிலோவுக்கு 90 மி.கி. ஆகவே ஒரே ஒரு மாதிரியில் 100 வந்துவிட்டது என்று பதற வேண்டாம். குப்பை மேட்டுக்கு மேற்புறம், ஆறு இன்னும் கெடாத இடத்தில் எடுத்த வண்டலோடு ஒப்பிட வேண்டும். மேலே 80, மேட்டடியில் 900 என்று வந்தால் அந்த வித்தியாசத்துக்கு யாரும் பாறையைக் காரணம் காட்ட முடியாது.

கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கிறது. பிறகு ஏன் கவலை?

முதலில் ரிப்போர்ட்டில் என்ன சோதித்தார்கள் என்று பாருங்கள். வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் இருக்கும். உலோகம் கேட்டால்தான் பார்ப்பார்கள். கேன் தண்ணீர் விற்பவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பின் மொத்தத்தைத்தான் காட்டும். லிட்டருக்கு 0.05 மி.கி. குரோமியம் அதில் தெரியவே தெரியாது. தென்னை காய் சிறுத்தது, நெல் கருகியது என்று நம் விவசாயிகள் சொல்வதற்குப் பெரும் காரணம் டேனரி உப்பு. உப்புக் கெடுதி வேறு, உலோகக் கெடுதி வேறு. ஒன்று குறைந்தால் மற்றதும் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இன்று தண்ணீர் நன்றாக இருப்பதற்கு வண்டல் உலோகத்தைப் பிடித்து வைத்திருப்பது காரணமாக இருக்கலாம். நம் ஊர்கள் பலவற்றுக்கு ஆற்றுப்படுகை உறைகிணறுதான் குடிநீர். அந்தக் கிணற்றுக்கு வரும் நீர் இந்தப் படுகை வழியாகத்தான் வருகிறது. அதனால்தான் தண்ணீரோடு வண்டலையும் சோதியுங்கள் என்று கேட்கிறோம்.

காய்ச்சினால் உலோகம் போகாது, நீர் வற்ற வற்றச் செறியும். ஆர்.ஓ. வடிகட்டி பெரும்பகுதியை நீக்கும்.

2021 வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டதே?

2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. வெள்ளம் கழுவியது உண்மை. ஆனால் நுண்வண்டல் மறைந்துவிடாது. வேகம் குறையும் இடத்தில் படியும்: தடுப்பணை, வெள்ளம் ஏறிய வயல், கால்வாய் வழியாக நிரம்பிய ஏரி. வெள்ளத்துக்கு முன் எடுத்த ஆய்வை வைத்து இன்றைய நிலையைச் சொல்ல முடியாது. புதிதாக எடுக்க வேண்டும், ஏரிகளிலும் எடுக்க வேண்டும்.

ஏரி வண்டல் இலவசமாகக் கிடைக்கிறது. வயலில் போடலாமா?

காலங்காலமாகச் செய்துவரும் நல்ல வழக்கம். மாசில்லாத ஏரி என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் டேனரிச் சாக்கடை விழுந்த ஏரி, குப்பை கொட்டிய ஏரி என்றால் சோதிக்காமல் ஒரு வண்டிகூட அடிக்காதீர்கள். உலோகம் வயலில் ஏறிவிட்டால் அதை வெளியேற்ற விவசாயி கையில் வழி கிடையாது. விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன. மண் மாதிரியோடு போய், தழை மணி சாம்பல் சத்து மட்டும் போதாது, குரோமியம், ஈயம், காட்மியமும் பார்க்க வேண்டும், எங்கே செய்யலாம் என்று கேளுங்கள்.

குப்பை மேட்டைச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங்கில் கிடைக்கும் மண்ணுக்கும் இதே விதிதான். பார்க்கக் கருகருவென்று செழிப்பாக இருக்கும். உலோகம் தங்குவதே அந்த நுண்மண்ணில்தான்.

கீரை, மீன் சாப்பிடலாமா?

காட்மியம் இலைக்கு எளிதாக ஏறும், ஆகவே குப்பை மேட்டு ஓரக் கீரையைத் தவிர்ப்பது நல்லது. ஈயம் பெரும்பாலும் இலைமேல் தூசியாகப் படியும், நாலு தண்ணீர் அலசினால் நிறையப் போகும். குரோமியம் வேரிலேயே நின்றுவிடும், எனவே முள்ளங்கி வகையில் கவனம் வேண்டும். மீனில் ஈயமும் காட்மியமும் செவுள், ஈரல், குடலில் அதிகம், சதையில் குறைவு. குடலும் செவுளும் நீக்கிச் சமையுங்கள். பாதரசத்துக்கு இந்த வழி பலிக்காது, அது சதையிலேயே சேரும்.

குழந்தைகள் குப்பை மேட்டு ஓரம் விளையாடுகிறார்கள். என்ன செய்வது?

மற்ற எதைவிடவும் இதற்குத்தான் அவசரம். குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் பெரியவர் உடலைவிடக் குழந்தை உடலில் பல மடங்கு ஏறும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. ரத்தத்தில் 100 மி.லி.க்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குப்பை பொறுக்கும் குடும்பங்கள், வீட்டு வாசலில் பேட்டரி உடைப்பவர்கள், கம்பிக்காக ஒயர் எரிப்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு ரத்தச் சோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும். சாப்பிடும் முன் கை கழுவுவது, செருப்பை வாசலோடு விடுவது, வீட்டை ஈரத்துணியால் துடைப்பது எல்லாம் நிஜமாகவே பலன் தரும். இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் இழுக்கும். அந்தக் குறையைச் சரிசெய்வதும் இந்தப் பாதுகாப்பில் சேர்த்தி.

நாங்களே மாதிரி எடுக்கலாமா?

எடுக்கலாம். நீதிமன்றத்தில் செல்லுபடியாக வேண்டுமானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ அங்கீகாரம் பெற்ற ஆய்வகமோ முறைப்படி எடுக்க வேண்டும். நிலவரம் தெரிந்துகொள்ள நீங்கள் எடுப்பது போதும். குறைந்தது மூன்று இடம்: மேட்டுக்கு மேற்புறம், மேட்டடி, கீழ்ப்புறம். மேல் 5 செ.மீ. வண்டலைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியில் குரோமியமும் நிக்கலும் இருப்பதால் அது வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் நாலைந்து கை அள்ளிக் கலந்து சுத்தமான பையில் போட்டு, இடம், தேதி, நேரம் எழுதி, போட்டோ எடுங்கள். கையுறை கட்டாயம். ஆய்வகத்தில் 63 மைக்ரான் சல்லடையில் சலித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதிரியையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் கொடுங்கள்.

தூர் வாரி எடுத்துவிட்டால் தீர்ந்ததா?

எடுத்த சேற்றைக் கரையிலேயே குவித்தால் தீராது. மேலே சொன்ன கறுப்புச் சேறு காற்றுப் பட்டுப் பழுப்பாகி உலோகத்தை விடும், அடுத்த மழை அதை ஆற்றுக்கே திருப்பும். மாசு கடுமையாக உள்ள இடத்தில் எடுத்த சேறு அடியில் தடுப்பு போட்ட பாதுகாப்பான கிடங்குக்குப் போக வேண்டும். கிடங்கு இல்லாமல் பொக்லைன் வரவழைப்பது வேலையைத் தலைகீழாகத் தொடங்குவது. எல்லாவற்றுக்கும் முன்னால் கொட்டுவது நிற்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ல் சொன்னது நம் பாலாற்று வழக்கில்தான். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் போட்ட வழக்கு அது. நாடு முழுக்க அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றை எடுத்துப் பேசியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது என்பது நெஞ்சை அறுக்கிறது.

குப்பைக்கு 2016 திடக்கழிவு விதிகள் தெளிவாகவே எல்லை போட்டன. குப்பை நிரப்பும் தளம் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன. அடியில் 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. தடிமன் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும் என்றும் அவை கூறின.

யாரிடம், எப்படி எழுதிக் கேட்பது?

மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு, நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்டப் பொறியாளருக்கு. கிராமம் என்றால் கிராமசபைத் தீர்மானமும் சேருங்கள். மனுவில் 'ஆறு நாறுகிறது' என்று மட்டும் எழுதினால் பினாயில் தெளித்துவிட்டுப் போவார்கள். கேட்பதைக் குறிப்பாக எழுதுங்கள்: குப்பை மேட்டுக்கு மேலும் கீழும் நுண்வண்டல் மாதிரி எடுக்க வேண்டும், குரோமியம் இரு வகையும், ஈயம், காட்மியம், நிக்கல், பாதரசம் பார்க்க வேண்டும், பக்கத்து உறைகிணற்று நீரும் சேர வேண்டும், முடிவின் நகல் எங்களுக்குத் தர வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதே நான்கு வரியைக் கேள்வியாக மாற்றி அனுப்புங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கு மேல் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.